அட்ரினல் குறைபாடு உள்ள கைக்குழந்தைக்கு பி.பி. ஏறினால்: வடசென்னைப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி சரியாகச் சுரக்காத குழந்தை இருக்கும் வீட்டில் எல்லாரும் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: உடம்பில் உப்பு இறங்கி, பி.பி. விழுந்து, பிள்ளை துவண்டுபோய்விடுமோ என்று. நியாயமான பயம். பிறந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, எடை இறங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் பல வீடுகளுக்கு உண்டு. அதே பிள்ளையை ஏழெட்டு மாதத்தில் செக்கப்புக்குக் கொண்டுபோகும்போது "பி.பி. ஜாஸ்தியா இருக்கே" என்று நர்ஸ் சொன்னால் தலை சுற்றத்தான் செய்யும். பி.பி. இறங்குகிற நோயில் அது எப்படி ஏறும்?

ஏறும், அதுவும் இரண்டு வழிகளில். ஒன்று, உப்பைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் மாத்திரையும் (ஃப்ளூட்ரோகார்டிசோன்) கூடுதல் உப்பும் தேவைக்கு மேல் போய்விடுவது. இன்னொன்று, பிள்ளைக்கு இருப்பதே பி.பி.யை ஏற்றும் வகைக் குறைபாடாக இருப்பது. முதல் வழியில் ஏறியிருந்தால் மருந்தைக் குறைக்க வேண்டும். இரண்டாவதில் பல நேரம் ஸ்டீராய்டு போதாமல்தான் ஏறியிருக்கும். மெஷினில் தெரிவது ஒரே எண், எடுக்க வேண்டிய முடிவோ நேரெதிர். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன யோசனையை உங்கள் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்கக்கூடாது.

படிப்படியாகப் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பி.பி. எவ்வளவு ஏறியிருந்தாலும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். "ஸ்டீராய்டுதான் பி.பி.யை ஏத்துது, நிறுத்திப் பாரு" என்று சொல்ல ஒருவராவது வருவார். இந்தப் பிள்ளைகளின் உடம்பு தானாகச் செய்ய முடியாத ஒன்றைத்தான் அந்த மாத்திரை கொடுக்கிறது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

முதல் படி: எந்த வகை என்று ஃபைலில் தேடுங்கள்

பிறவியிலேயே வரும் அட்ரினல் குறைபாட்டில் பெரும்பாலானதை டாக்டர்கள் சி.ஏ.எச். (கன்ஜெனிட்டல் அட்ரினல் ஹைப்பர்பிளேசியா) என்பார்கள். கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் தயாராக உதவும் என்சைம்களில் ஏதோ ஒன்று இல்லாததுதான் காரணம். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் '21-ஹைட்ராக்சிலேஸ்' குறைபாடு. இதில் கார்டிசாலும் வராது, உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோனும் பலருக்கு வராது. உப்பு இறங்கும் நோய் என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த வகையில் பி.பி. ஏறினால் சந்தேகம் முதலில் மருந்தின் மேல்தான் விழ வேண்டும்.

அடுத்தது '11-பீட்டா ஹைட்ராக்சிலேஸ்' குறைபாடு. எண்ணிக்கையில் குறைவு, ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு. இதிலும் கார்டிசால் வராது. ஆனால் தயாரிப்பு பாதியில் நின்றுபோவதால் டியாக்ஸிகார்டிகோஸ்டிரோன் என்ற பொருள் உடம்பில் குவியும். அது உப்பைப் பிடித்துவைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும், பி.பி.யை ஏற்றும். இந்த வகைக்காரர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு பி.பி. ஏறுகிறது, பெரும்பாலும் சிறு வயதிலேயே.

சிக்கல் என்னவென்றால், இரண்டிலும் பெண் குழந்தையின் பிறப்புறுப்பு பிறக்கும்போதே மாறுபட்டுத் தெரியலாம். குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் 17-ஓ.எச்.பி. என்ற ஹார்மோன் அளவு இரண்டிலுமே ஏறியிருக்கலாம். அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எல்லாரையும் 21 வகை என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. 11 வகைப் பிள்ளைக்கு உப்பு பிடிக்கும் மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருந்தால் பி.பி. இன்னும் ஏறத்தான் செய்யும். ஃபைலில் வெறுமனே 'சி.ஏ.எச்.' என்று மட்டும் இருந்தால், "இது 21-ஆ, 11-ஆ? எந்த டெஸ்டை வச்சு முடிவு பண்ணீங்க டாக்டர்?" என்று கேளுங்கள். ஓ.பி. வரிசையில் பின்னால் ஐம்பது பேர் நின்றாலும் இந்தக் கேள்விக்குக் கூச்சப்பட வேண்டாம்.

பி.பி.யை ஏற்றும் '17-ஆல்ஃபா' என்றொரு வகையும் உண்டு. மிக அரிது, பெரும்பாலும் பருவ வயதில்தான் தெரியவரும். சி.ஏ.எச். இல்லாமல் சுரப்பியே சரியாக வளராமல் பிறந்த குழந்தைகளுக்கு, 21 வகைக்குச் சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

இரண்டாம் படி: அளந்தது சரியா?

என்னைக் கேட்டால், பாதிப் பதற்றம் இங்கேயே தீர்ந்துவிடும். கைக்குழந்தைக்கு பி.பி. பார்ப்பது பெரியவர்களுக்குப் பார்ப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். அழுதால் ஏறும், பால் உறிஞ்சும்போது ஏறும், காலை உதைத்தால் ஏறும்.

முதலில் கப். உள்ளே இருக்கும் காற்றுப் பையின் அகலம், பிள்ளையின் மேற்கைச் சுற்றளவில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். நீளம் கையை முக்கால் வாசிக்கு மேல் சுற்றி வர வேண்டும். கைச்சுற்றளவு 10 செ.மீ. வரை என்றால் 4 செ.மீ. அகலப் பை, 15 செ.மீ. வரை என்றால் 6 செ.மீ. பை. சின்ன கப் போட்டால் இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும். கொழுகொழுவென்று வளர்ந்த எட்டு மாதப் பிள்ளைக்குப் பச்சைக்குழந்தை கப்பைச் சுற்றினால் நடப்பது அதுதான். தெரு முனை கிளினிக்கில் கைக்குழந்தைக்கான கப் இல்லையென்றால் அங்கே பார்க்கவே வேண்டாம். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிவைத்த மெஷினும் இதற்கு ஆகாது.

அடுத்தது நேரம். பால் கொடுத்தோ மருந்து கொடுத்தோ ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பிள்ளை தூங்கிக்கொண்டோ, மடியில் அமைதியாகவோ இருக்க வேண்டும். வலது கையில் கப்பைச் சுற்றிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா விடுங்கள், கையில் ஏதோ கட்டியிருக்கிறது என்பதே பிள்ளைக்கு மறந்துபோகட்டும். அப்புறம் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை. முதல் அளவு பல நேரம் கூடுதலாக வரும், கப் இறுக்கும்போது பிள்ளை திடுக்கிட்டு முழிப்பதால். மூன்றையும் எழுதிக்கொண்டு, பக்கத்திலேயே 'தூக்கம்', 'முழிப்பு', 'அழுகை' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அமைதியாக இருக்கும்போதும் அதிகம் என்றால் காலிலும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கையில் இருப்பதைவிடக் காலில் 20-க்கு மேல் குறைந்தால், இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் குறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறந்ததும் தொப்புள் வழியாகக் குழாய் போட்டு என்.ஐ.சி.யு.வில் (பச்சைக்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்த பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். சிறுநீரக ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி அடைத்தும் பி.பி. ஏறலாம். அட்ரினல் நோய் இருக்கும் பிள்ளைக்கு வேறு நோய் வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் படி: எண்ணை எப்படிப் படிப்பது

பெரியவர்களின் 120/80-ஐ மறந்துவிடுங்கள். முழு மாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஒரு மாதம் ஆகும்போது நடுவாக இருக்கும் அளவு 88/50. நூறு குழந்தைகளில் 95 பேர் 105/68-க்கு உள்ளே இருப்பார்கள். 110/73-ஐத் தாண்டினால் சீக்கிரம் கவனிக்க வேண்டிய அளவு. ஒரு வயதில் சராசரி உயரமுள்ள பையனுக்கு மேல் எண்ணின் எல்லை 103-ஐ ஒட்டி வரும். வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதற்கேற்ப அட்டவணை மாறும். டாக்டர் அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒரு முறை ஏறியதை வைத்து மருந்தை மாற்றுவதில்லை, வேறு வேறு நேரங்களில் பார்த்தும் ஏறியே இருக்க வேண்டும்.

வெளியே தெரியுமா என்றால், பெரும்பாலும் தெரியாது. சில பிள்ளைகள் எரிச்சலாக இருக்கும், பால் குடிக்கும்போது வேர்த்துக்கொட்டும், மூச்சு வாங்கும். கன்னம் உப்பி, எடை மட்டும் ஏறி, நீளம் ஏறாமல் நின்றால் ஹைட்ரோகார்டிசோன் அதிகமாகப் போகிறது என்ற சந்தேகம் வரலாம். "புள்ள நல்லா பூசினாப்ல இருக்கு" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்படும் நேரத்தில், நீளம் அளந்த சீட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

நான்காம் படி: வீட்டில் என்னென்ன உள்ளே போகிறது?

கணக்கு எடுக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதுங்கள்.

ஃப்ளூட்ரோகார்டிசோன், கடையில் ஃப்ளோரிகாட் என்று கேட்டு வாங்குவது. ஒரு மாத்திரை 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம். கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு அரை மாத்திரையிலிருந்து இரண்டு மாத்திரை வரை தேவைப்படலாம். பச்சைக்குழந்தையின் சிறுநீரகம் இந்த ஹார்மோனின் பேச்சை அவ்வளவாகக் கேட்காது, அதனால் முதல் மாதங்களில் எடைக்கு மிஞ்சிய அளவு கொடுக்க வேண்டியிருக்கும். மாதங்கள் போகப் போகச் சிறுநீரகம் தேறிவிடும். அளவைக் குறைக்காமல் அப்படியே விட்டால் உப்பு தேங்கி பி.பி. ஏறும். 21 வகைப் பிள்ளைகளுக்கு முதல் ஒன்றரை வயதுக்குள் பி.பி. ஏறுவதன் முக்கியக் காரணம் இதுதான். யாருடைய தவறும் இல்லை. போன மாதம் சரியாக இருந்த அளவு இந்த மாதம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

மாத்திரையை உடைப்பதிலும் கவனம் வேண்டும். கத்தியால் நாலாக வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று பொடியாகவும் போகும். மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். ஹைட்ரோகார்டிசோனை ஒவ்வொரு வேளைக்கும் அப்போதைக்கு அப்போது பொடித்து, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ ஆறிய வெந்நீரிலோ கலந்து உடனே புகட்டுங்கள். காலையிலேயே மூன்று வேளைக்கும் சேர்த்துக் கரைத்துவைத்தால் மருந்து அடியில் தங்கிவிடும். காலை வேளைக்குத் தண்ணீர், ராத்திரி வேளைக்கு மொத்த மருந்து என்று ஆகும். பால் பாட்டில் முழுக்கக் கலப்பதும் வேண்டாம், பிள்ளை பாதி வைத்துவிட்டால் எவ்வளவு போனது என்றே தெரியாது. இரண்டு மாத்திரைகளும் சின்னதாக இருப்பதால் டப்பாவில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது உப்பு. தாய்ப்பாலில் உப்பு மிகக் குறைவு என்பதால் 21 வகைக் கைக்குழந்தைக்கு நாளுக்கு 1 முதல் 2 கிராம் உப்பைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்வார்கள். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பே சுமார் 6 கிராம் வரும். "ஒரு சிட்டிகை", "கொஞ்சமா" என்று அளந்தால் ஒரு நாள் அரை கிராம் போகும், மறுநாள் மூன்று கிராம் போகும். கல் உப்பென்றால் ஸ்பூன் கணக்கே வேறு. ஆஸ்பத்திரியிலோ மருந்துக்கடையிலோ எடை போட்டுப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் தாண்டியதும் பருப்புச் சாதம், ரசம் சாதம் என்று ஆரம்பிப்போம். சாப்பாட்டில் உப்பு சேர்ந்ததும் தனி உப்பின் தேவை குறையும். சாதம் ஊட்ட ஆரம்பித்த அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிஸ்கட், சிப்ஸ், கருவாட்டுக் குழம்பில் தொட்டு நாக்கில் வைப்பதெல்லாமும் கணக்கில் சேரும். காசிமேட்டுப் பக்கத்தில் கருவாடு இல்லாத வீடு ஏது? தண்ணீரையும் மறக்காதீர்கள். எண்ணூர், திருவொற்றியூர் கடலோரத்தில் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்புக் கரிக்கும். பவுடர் பால் கலக்கவும் கஞ்சி காய்ச்சவும் அதைப் பயன்படுத்தினால் கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. மெட்ரோ தண்ணீரையோ கேன் தண்ணீரையோ காய்ச்சிப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் உரை மருந்து. இதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, டாக்டரும் பெரும்பாலும் கேட்பதில்லை. குளிப்பாட்டியதும் ஆயா கல்லில் வசம்பு, சுக்கு, கடுக்காய், ஜாதிக்காய் என்று ஒவ்வொன்றாக உரசி நாக்கில் தடவுவார். அந்த வரிசையில் அதிமதுரமும் இருக்கும். கடையில் வாங்கும் உரை மாத்திரையிலும் அது சேர்வதுண்டு. அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் என்சைமைத் தடுத்துவிடும். அப்போது நீங்கள் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோனே உப்பு பிடிக்கும் மருந்தாகவும் வேலை செய்ய ஆரம்பிக்கும். பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். நல்ல பிள்ளைகளுக்குத் துளி தடவுவதைப் பற்றிப் பேசவில்லை. இந்த மாத்திரைகள் சாப்பிடும் பிள்ளைக்கு அதிமதுரம் வேண்டாம். ஆயாவிடம் சண்டை போடத் தேவையில்லை. "ஆயா, டாக்டர் அதிமதுரம் மட்டும் கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்றால் போதும், டாக்டர் பேரைச் சொன்னால் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார். சளிக்கு வாங்கும் இருமல் சிரப்பிலும் மூக்கடைப்பு சொட்டு மருந்திலும் பி.பி. ஏற்றும் சரக்கு இருக்கலாம். பாட்டிலோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: ரத்தப் பரிசோதனை

சோடியம், பொட்டாசியம், ரெனின் மூன்றும் முக்கியம். உடம்பில் உப்பு போதவில்லை என்றால் சிறுநீரகம் ரெனினைக் கூட்டும். உப்பு மிஞ்சினால் ரெனின் அமுங்கிவிடும். பி.பி. அதிகம், ரெனின் அமுக்கம், பொட்டாசியம் குறைவு என்று மூன்றும் சேர்ந்தால் உப்பு பிடிக்கும் சக்தி ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அது மாத்திரையா, உள்ளேயே குவியும் டியாக்ஸிகார்டிகோஸ்டிரோனா என்பதைப் பிரிக்க அதையும், 11 வகையில் அதோடு சேர்ந்து குவியும் 11-டியாக்ஸிகார்டிசாலையும் பார்ப்பார்கள். மரபணுப் பரிசோதனை உறுதியான பதில் தரும். கைக்குழந்தைகளுக்கு ரெனின் இயல்பிலேயே பெரியவர்களைவிட அதிகம், எனவே லேப் சீட்டில் அச்சிட்டிருக்கும் பெரியவர் எல்லையைப் பார்த்துக் கலங்காதீர்கள். ரெனின் உயர்ந்தே இருந்து பி.பி.யும் ஏறியிருந்தால் சிறுநீரகத்தையும் அதன் ரத்தக்குழாய்களையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: டாக்டர் எதை மாற்றுவார்

21 வகையில் ஃப்ளூட்ரோகார்டிசோனையோ உப்பையோ படிப்படியாகக் குறைப்பார். ஒரேயடியாக நிறுத்தினால் பழைய உப்பு இறங்கும் கதைக்கே திரும்பிவிடும் என்பதால், குறைத்த பிறகு சோடியம் பொட்டாசியத்தை மறுபடி பார்ப்பார். ஹைட்ரோகார்டிசோன் உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தால் அதையும் சரிசெய்வார்.

11 வகையில் ஃப்ளூட்ரோகார்டிசோன் போய்க்கொண்டிருந்தால் அதை டாக்டர் நிறுத்துவார். ஹைட்ரோகார்டிசோன் ஒழுங்காகப் போனால் டியாக்ஸிகார்டிகோஸ்டிரோன் குறைந்து பி.பி. மெல்ல இறங்கும். வேளை தவறினால் ஏறும். ஆரம்பத்தில் சில குழந்தைகளுக்கு உப்பு இறங்கவும் செய்யலாம், அதனால் மாற்றிய வாரங்களில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். அப்படியும் இறங்காவிட்டால் பி.பி. மருந்து சேர்ப்பார்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஸ்பைரோனோலாக்டோன் 11 வகைக்கு ஏற்ற மருந்து, உப்பு பிடிக்கும் அந்தச் சக்தியையே அது தடுக்கிறது. அதே மருந்தை 21 வகைப் பிள்ளைக்குக் கொடுத்தால் ஃப்ளூட்ரோகார்டிசோன் செய்யும் வேலையைக் கெடுத்து, சோடியம் சரிந்து பொட்டாசியம் ஏறிவிடும். வேறு ஆஸ்பத்திரியில் பி.பி. மருந்து எழுதினால், வாங்கும் முன் உங்கள் ஹார்மோன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: காய்ச்சலும் அவசரமும்

பி.பி. அதிகம் என்று சொல்லியிருக்கும் வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? 38.5 டிகிரியைத் தாண்டினால், அதாவது 101 ஃபாரன்ஹீட்டுக்கு மேல், ஹைட்ரோகார்டிசோனை டாக்டர் எழுதிக்கொடுத்தபடி இரண்டு மூன்று மடங்காக்கத்தான் வேண்டும். பி.பி.க்குப் பயந்து விட்டுவிடக்கூடாது, இரண்டு மூன்று நாள் கூடுதல் மருந்தால் வரும் பி.பி.யைவிட மருந்து இல்லாமல் வரும் மயக்கம் பல மடங்கு ஆபத்து. கூட்டுவது ஹைட்ரோகார்டிசோனை மட்டும்தான், ஃப்ளூட்ரோகார்டிசோனை இல்லை.

வாந்தியில் மாத்திரை தங்கவில்லை, பிள்ளை துவள்கிறது, கூப்பிட்டால் பார்க்கவில்லை என்றால் ஊசிதான். மூன்று வயதுக்குக் கீழே வழக்கமான அளவு தொடையில் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன். எத்தனை மில்லி என்று முன்கூட்டியே எழுதி வாங்கி, போடவும் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஊசியைப் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்துக்கு முன்பே ஒரு மாத மாத்திரையைக் கூடுதலாக வாங்கிவைப்பதும் இதே கணக்கில்தான். வலிப்பு வந்தாலும், பி.பி. ஏறியிருக்கும் பிள்ளை மூச்சு வாங்கினாலும், காரணத்தை யோசித்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போனதும் சொல்ல வேண்டியது: "அட்ரினல் குறைபாடு, ஸ்டீராய்டு சாப்பிடுற பிள்ளை."

எட்டாம் படி: தொடர்ந்து பார்ப்பது

முதல் மூன்று மாதம் அடிக்கடி, பிறகு ஒன்றரை வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை, நீளம், பி.பி. மூன்றும் நோட்டில் ஏற வேண்டும். புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது எடை போட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம், பி.பி.க்கு மட்டும் சரியான கப் இருக்கும் இடத்துக்குப் போங்கள். மருந்தைக் குறைத்த பிறகு எடை நின்றாலோ பால் குடிப்பது குறைந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். சி.ஏ.எச். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறை, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியிருக்கும் குடும்பங்களில் உறவினர் வீட்டுக் குழந்தைகளுக்கும் வரலாம். மூத்த பிள்ளையின் வகையும் மரபணு ரிப்போர்ட்டும் கையில் இருந்தால், இளையதுக்குப் பிறந்த முதல் வாரத்திலேயே எதைப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும்.